பென்டிரைவ் இல்லாமல்: விண்டோஸ் ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்யும் முறை

விண்டோஸில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்ய இரண்டு நிமிடம் போதும். அடுத்த கணினியிலிருந்து அதைத் திறக்கப் போகும்போதுதான் வம்பு தொடங்கும். யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும். எதைக் கொடுத்தாலும் தவறு என்று திருப்பி அனுப்பும். இல்லையென்றால் கணினியே கண்ணில் படாது. இந்த இரண்டுக்கும் காரணம் ஃபோல்டரில் இருப்பதில்லை. ஒன்று, எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறோம் என்பது. மற்றொன்று, இரண்டு கணினியும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்பது. அதனால் ஃபோல்டரைக் கடைசியாகத் தொடுவோம்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். நாலைந்து கணினி உள்ள டிடிபி கடை, ஆடிட்டர் அலுவலகம், வீடு ஆகியவற்றுக்கு இது தாராளம். ஃபோல்டரை வைத்திருக்கும் கணினியில் சர்வர் விண்டோஸ் எதுவும் வேண்டாம். சாதாரண விண்டோஸே ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை ஏற்கும்.

ஒரே ஒரு தடவை ஒரு ஃபைலை அனுப்புவதுதான் வேலை என்றால் இவ்வளவும் தேவையில்லை. லோக்கல்சென்ட் என்ற இலவச ஆப்பை இரண்டு பக்கமும் போட்டு அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள். போன், கணினி எல்லாவற்றிலும் ஓடும். இன்டர்நெட் டேட்டா செலவாகாது. நாள்தோறும் பலர் ஒரே ஃபோல்டரில் புழங்க வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் நெட்வொர்க்

ஷேர் செய்யப்போகும் கணினியில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டில் உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். நெட்வொர்க் ப்ரொஃபைல் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘ப்ரைவேட்’ ஆக்குங்கள். பப்ளிக்கில் இருக்கும்வரை ஃபயர்வால், வெளியிலிருந்து வரும் ஷேரிங் கோரிக்கைகளைத் தடுத்துவிடும். புது ரூட்டர் மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு மறுபடி பப்ளிக்கில் போட்டுவிடும். ‘நேற்று வரை வேலை செய்தது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அதே பக்கத்தில் ஐபிவி4 முகவரி (சுருக்கமாக ஐபி) இருக்கும். 192.168.1.20 போல ஓர் எண். குறித்துக்கொள்ளுங்கள். ரூட்டர் இந்த எண்ணை அவ்வப்போது மாற்றிக் கொடுக்கக்கூடும். அதனால் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி பகுதிக்குப் போய், அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் இந்தக் கணினிக்கு இதே எண்ணைக் கட்டிப்போட்டுவிடுங்கள். கணினியிலேயே கையால் ஐபி போடுவதைவிட இது மேல். ரூட்டர் அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுத்து இரண்டும் மோதிக்கொள்ளும் பேச்சே இருக்காது.

அடுத்து ஷேரிங் அமைப்பு. விண்டோஸ் 11-இல் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டுக்குள் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். விண்டோஸ் 10-இல் கன்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் இருக்கும். ப்ரைவேட் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஆல் நெட்வொர்க்ஸ் பகுதியில் ‘பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்’ என்று ஒன்று இருக்கும். யூடியூப் வீடியோக்களில் பாதிப்பேர் இதை ஆஃப் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்தவர் யாராக இருந்தாலும் உள்ளே வர வழிவிடும் வேலை அது. போதாததற்கு, புது விண்டோஸ் பதிப்புகள் பாஸ்வேர்ட் இல்லாத இந்த கெஸ்ட் இணைப்பைத் தாமாகவே மறுக்கின்றன. இன்று ஆஃப் செய்து வேலை நடந்தாலும், அடுத்த கணினியை அப்டேட் செய்த அன்று நின்றுவிடும்.

ஷேருக்கென்று ஒரு கணக்கு

பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் தினமும் கணினியைத் திறக்கும் நாலு இலக்க பின் (PIN), அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் பின்னை ஏற்காது. கணக்கின் முழு பாஸ்வேர்டைத்தான் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும். அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்ல முடியுமா? பாஸ்வேர்டே வைக்காத கணக்கென்றால் இன்னும் மோசம். வெற்று பாஸ்வேர்ட் கொண்ட கணக்கு, கணினியின் முன்னால் உட்கார்ந்து மட்டுமே நுழையலாம், நெட்வொர்க்கில் நுழையக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. ‘பாஸ்வேர்டே இல்லையே, பிறகு ஏன் கேட்கிறது’ என்று குழம்புவதன் காரணம் இதுதான்.

தீர்வு எளிது: ஷேருக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். மின்னஞ்சல் கேட்கும்போது, இவருடைய விவரம் தன்னிடம் இல்லை என்ற இணைப்பை அழுத்தி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். இங்கே ‘pagirvu’ என்று வைத்துக்கொள்வோம். நல்ல பாஸ்வேர்ட் கொடுங்கள். மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். ஏதாவது நிரப்பினால் போதும். கணக்கு வகை ஸ்டாண்டர்டு யூசராகவே இருக்கட்டும், அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம்.

ப்ரோ பதிப்பில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் வழியாகவும் இந்தக் கணக்கை உருவாக்கலாம். அப்படிச் செய்தால் ‘யூசர் மஸ்ட் சேஞ்ச் பாஸ்வேர்ட் அட் நெக்ஸ்ட் லாகான்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், ‘பாஸ்வேர்ட் நெவர் எக்ஸ்பயர்ஸ்’ என்பதில் டிக் போடுங்கள். முதல் டிக் இருந்தால் நெட்வொர்க்கில் யாரும் நுழையவே முடியாது. இரண்டாவது இல்லாவிட்டால் சில வாரம் ஓடிவிட்டு ஒருநாள் காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிற்கும்.

ஃபோல்டர்

டெஸ்க்டாப்பையோ டாக்குமென்ட்ஸையோ நேராக ஷேர் செய்ய வேண்டாம். அவை உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருப்பவை. ஒன் டிரைவ் அவற்றை வேறிடத்துக்கு நகர்த்தியிருக்கவும் கூடும். டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள்.

1. ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், அட்வான்ஸ்டு ஷேரிங். ‘ஷேர் திஸ் ஃபோல்டர்’ டிக். ஷேர் நேம் ஆங்கிலத்தில், சுருக்கமாக.

2. அங்கேயே பெர்மிஷன்ஸ். இருக்கும் ‘எவ்ரிஒன்’ஐ நீக்கி, ஆட் அழுத்தி, மேலே உருவாக்கிய கணக்கின் பெயரைத் தட்டி, செக் நேம்ஸ் கொடுத்தால் கணினிப் பெயரோடு சேர்ந்து அடிக்கோடு விழும். படிக்க மட்டும் என்றால் ரீட். எழுதவும் வேண்டுமென்றால் சேஞ்ச். ஃபுல் கன்ட்ரோல் யாருக்கும் தேவைப்படாது.

3. ஓகே கொடுத்து வெளியே வந்து, அதே ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேப். எடிட், ஆட், அதே கணக்கு. படிக்க மட்டும் என்றால் இயல்பாக வரும் டிக்குகள் போதும். எழுத வேண்டுமென்றால் மாடிஃபை.

மூன்றாவது படியை விட்டுவிட்டால் ஃபோல்டர் பெயர் தெரியும், அழுத்தினால் அனுமதி இல்லை என்று சொல்லும். அல்லது திறக்கும், சேவ் ஆகாது. ஷேர் பெர்மிஷன், செக்யூரிட்டி என்ற இந்த இரண்டு வாசலையும் தாண்டித்தான் ஒருவர் ஃபைலைத் தொட முடியும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். செக்யூரிட்டி டேபே காணவில்லை என்றால் அந்த டிரைவ் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மேட் ஆனது; அதில் ஷேர் பெர்மிஷன் மட்டுமே காவல். ஃபாட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும் எந்த ஃபைலும் அதில் ஏறாது, நெட்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு விசித்திரம்: ஃபோல்டர் திறக்கிறது, பத்து ஃபைலில் இரண்டு மட்டும் அனுமதி மறுக்கின்றன. அந்த இரண்டையும் யாரோ அதே டிரைவின் வேறு ஃபோல்டரிலிருந்து கட் செய்து இங்கே பேஸ்ட் செய்திருப்பார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய அனுமதிகளையே தூக்கிக்கொண்டு வரும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் அனுமதியைப் பெறும். சரிசெய்ய, மேல் ஃபோல்டரின் செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு போய், கீழே ‘ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்’ என்று தொடங்கும் வரியில் டிக் போட்டு ஓகே கொடுங்கள்.

அடுத்த கணினியிலிருந்து திறப்பது

விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, \\192.168.1.20 என்று தட்டி என்டர். சாய்கோடு இடப்பக்கம் சாய்ந்தது, இரண்டு தடவை. எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்ற ஐகானுக்குள் கணினி தெரிகிறதா என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பட்டியல் கணினிகள் தம்மைத்தாமே அறிவித்துக்கொள்வதை நம்பியிருப்பது. சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. ஷேர் நன்றாக இருந்தும் பட்டியலில் இல்லாமல் போகலாம். பட்டியலில் வந்தே ஆக வேண்டுமென்றால், ஷேர் வைத்திருக்கும் கணினியின் சர்வீசஸில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்டார்ட் செய்யுங்கள்.

யூசர்நேம் கேட்கும்போது வெறும் கணக்குப் பெயரை மட்டும் தராமல், ஷேர் வைத்திருக்கும் கணினியின் பெயர், ஒரு இடச் சாய்கோடு, பிறகு கணக்குப் பெயர் என்று கொடுங்கள். எந்தக் கணினியில் உள்ள கணக்கு என்பதில் குழப்பம் வராது. ‘ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்’ டிக் போட்டுவிட்டால் இனிக் கேட்காது. தினசரி புழங்கும் ஃபோல்டர் என்றால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்து, இசட் போன்ற எழுத்தை ஒதுக்குங்கள். டாலி, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் போன்றவற்றுக்கு டேட்டா இருக்கும் இடத்தைக் காட்ட டிரைவ் எழுத்து வசதி. ஆனால் அப்படிப்பட்ட டேட்டா ஃபோல்டரைக் கேபிளில் மட்டும் இயக்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் டேட்டா பாழாகும் வாய்ப்பு உண்டு.

போனில், சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் போன்ற ஆப்பின் நெட்வொர்க் பகுதியில் புது இணைப்பு சேர்த்து ஐபி, கணக்கு, பாஸ்வேர்ட் கொடுத்தால் போதும். படம் மட்டும் பார்க்க விஎல்சியே நேராகத் திறக்கும், ஆண்ட்ராய்டு டிவியிலும்தான். ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பின் மூன்று புள்ளி மெனுவில் கனெக்ட் டு சர்வர். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டு, கே. லினக்ஸில் ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டை. இந்த மூன்றிலும் முகவரி, எஸ்எம்பி (smb, விண்டோஸ் ஃபைல் ஷேரிங் நடக்கும் முறையின் பெயர்) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, அதை ஒட்டி ://192.168.1.20 என்று வரும். இங்கே சாய்கோடு வலப்பக்கம்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸுக்கு விண்டோஸ் தமிழ்ப் பெயர் சிக்கலின்றிப் போகும். லினக்ஸ் கணினிக்கோ நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கோ காப்பி செய்யும்போது மட்டும் நீளமான பெயர்கள் மறுக்கப்படும். விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகள் வரை ஏற்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற டிஸ்க் ஃபார்மேட்டுகள் 255 பைட் என்று அளக்கும். ஒரு தமிழ்க் குறி 3 பைட். ஆக அங்கே 85 குறிதான் இடம். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு ஐம்பது எழுத்தாகத் தெரியும் பெயரே எல்லையை எட்டிவிடும். செய்தித் தலைப்பையே ஃபைல் பெயராக சேவ் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான்.

வேகம்

100 எம்பிபிஎஸ் போர்ட்டில் நொடிக்கு 11 மெகாபைட் வரும். ஜிகாபிட்டில் 110 வரை. 4 ஜிபி படம் ஒன்று முதலாவதில் ஆறு நிமிடம் பிடிக்கும், இரண்டாவதில் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இன்டர்நெட் பிளான் எத்தனை எம்பிபிஎஸ் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபைல் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

ஜிகாபிட் ரூட்டர் வாங்கியும் 11-லேயே நிற்கிறதா? செட்டிங்ஸில் ஈதர்நெட்டின் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 100 என்றால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். ஒன்று முனையின் க்ரிம்ப்பில் (கம்பியை அழுத்திப் பொருத்துமிடத்தில்) சரியாக உட்காராவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ கேபிள், புது ஆர்ஜே45 முனை, தீர்ந்தது. வைஃபையில் இரண்டு கணினியும் ஒரே ரூட்டரின் ஒரே பேண்டில் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு தடவை பயணிக்கும். வேகம் ஏறத்தாழ பாதியாகும். ஷேர் வைத்திருக்கும் கணினியையாவது கேபிளில் மாட்டுங்கள். ஆயிரக்கணக்கான சின்ன போட்டோக்களை அனுப்பும்போது வேகம் சரிவது பழுதல்ல. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகத் திறப்பு, மூடல் நடக்கிறது. ஸிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்புங்கள்.

கிடைக்கவே இல்லை என்றால்

80070035 என்று முடியும் பிழை எண், ‘வழி தெரியவில்லை’ என்பதன் குறி. முதலில் இரண்டு கணினியின் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1.20, மற்றொன்று 192.168.0.15 என்றிருந்தால் அவை பெரும்பாலும் வெவ்வேறு நெட்வொர்க். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியிலும் வைஃபை வரும். அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டரிலும் வைஃபை வரும். ஒரு கணினி அதில், இன்னொன்று இதில். இரண்டிலும் இன்டர்நெட் ஓடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. உங்கள் ரூட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். இல்லையென்றால் எல்லாக் கணினியையும் ஒரே பெட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

ஐபிக்கள் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா, ரூட்டரில் ஏபி ஐசொலேஷன் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி செய்வதற்கென்றே உள்ளவை. பிறகு, இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். அதன்பின், ஃபயர்வாலோடு வரும் ஆன்ட்டிவைரஸ். இவை விண்டோஸின் ப்ரைவேட், பப்ளிக்கைக் கண்டுகொள்ளாமல் தாமே ஒரு முடிவு எடுத்து, ஷேரிங் நடக்கும் 445-ஆம் போர்ட்டை மூடியிருக்கும். பகலில் வேலை செய்து மாலையில் காணாமல் போனால், ஷேர் கணினி தூங்கிவிட்டது என்று அர்த்தம். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள். திரை மட்டும் அணையட்டும்.

1219 என்ற எண்ணோடு வருவது வேறு சங்கதி. ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு கணக்கில் நுழைய விண்டோஸ் விடாது. முன்பு வேறு பெயரில் நுழைந்தது இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் அந்தக் கணினியின் பெயரிலோ ஐபியிலோ இருப்பதை நீக்கி, லாக் ஆஃப் செய்து வாருங்கள். ஷேர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு எல்லோரும் தடுக்கப்பட்டால் அதற்கும் இதே மருந்து.

பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்ப மறுத்தால், அதற்கு எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்திருக்கலாம். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புது நிறுவல்களில் சேர்ப்பதில்லை. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் ஆன் செய்யச் சொல்லும் அறிவுரை நிறைய கிடைக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். இயந்திரத்தின் ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேனை பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ எடுங்கள்.

எழுதும் உரிமை, அழிக்கும் உரிமை

நெட்வொர்க் வழியாக டெலீட் செய்த ஃபைல் எந்தக் கணினியின் ரீசைக்கிள் பின்னிலும் போய் விழாது. போனால் போனதுதான். ரான்சம்வேர் தாக்கினாலும் அப்படியே: அடுத்த கணினியில் நுழைந்த வைரஸ், அதற்கு எழுத உரிமை உள்ள உங்கள் ஃபோல்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும், உங்கள் கணினியில் வைரஸே இல்லாதபோதும். எனவே இரண்டு ஷேர் வைப்பது நல்லது. முடிந்த வேலைகள், மாஸ்டர் ஃபைல்கள் இருப்பது ரீட் மட்டும். போட்டு எடுக்கும் புழக்க ஃபோல்டர் சேஞ்ச். இரண்டையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

வெளியூரிலிருந்து எடுக்க வேண்டுமென்று ரூட்டரில் 445-ஐ போர்ட் ஃபார்வர்டு செய்யவே கூடாது, அதாவது இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடக் கூடாது. அதற்கு, வெளியிலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய விடும் விபிஎன்தான் வழி.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ். செஷன்ஸில் ஆட்கள், ஓபன் ஃபைல்ஸில் அவர்கள் திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள். ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று எக்செல் அடம்பிடிக்கும்போது அது யார் என்று இங்கே தெரியும். சேவ் செய்துவிட்டு மூடச் சொல்லுங்கள், இங்கிருந்து வலுக்கட்டாயமாக மூடினால் அவர் சேவ் செய்யாதது போய்விடும். ஷேர்ஸ் பட்டியலில் $ குறியோடு முடியும் பெயர்கள் சில இருக்கும். அவை விண்டோஸ் தானே வைத்துக்கொள்பவை, தொட வேண்டாம். அவை தவிர உங்களுக்கு நினைவில்லாத பெயர் ஏதாவது இருந்தால், ரைட் கிளிக் செய்து ஸ்டாப் ஷேரிங் கொடுங்கள்; ஃபோல்டர் அப்படியே இருக்கும், ஷேர் மட்டும் போகும்.